உள்மடிப்பில் ஒரு பொட்டு மஞ்சள்

கதவில் வாடிக்கையாளரின் கை படக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித் தந்த முதல் விதி இதுதான். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பெரிய ரிசார்ட்டுக்குள் எங்கள் துணிக்கடை. துணிக்கடை என்று சொன்னால் மேனேஜருக்குக் கோபம் வரும், பொட்டீக் என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் வருவது தெரிந்ததும் நம் நடை அவர் நடையோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அவர் கை நீட்டுவதற்குள் கதவு திறந்திருக்க வேண்டும். ஓடிப்போய்த் திறந்தால் அது வாட்ச்மேன் வேலை, தாமதித்தால் அலட்சியம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அது கைவர எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு பட்டுக் கடையில் பல வருடம் இருந்தேன். அங்கே ஒரு புடவை கேட்டால் முப்பது புடவையை அவிழ்த்துக் கொட்டுவோம். "இத்த பாருக்கா, இந்த பார்டரு உனக்கோசரமே நெய்ஞ்சா மாரி கீது" என்று வாய் ஓயாமல் பேசுவோம். அத்தனையையும் கலைத்துப் போட்டுவிட்டு அப்புறம் வருகிறேன் என்று யாராவது எழுந்தால், அவர்கள் காதில் விழும்படியே முணுமுணுப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாயால்தான் முதலாளியோடு சண்டை வந்து, "இனிமே உன் கட வாசப்படிய மிதிச்சா என்னான்னு கேளு" என்று கடைத்தெருவே பார்க்கக் கத்திவிட்டு வெளியே வந்தேன். ரிசார்ட் கடையில் எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்து வேலை நிரந்தரமாகாவிட்டால் நான் திரும்பிப் போக வேண்டியது அந்த வாசப்படிக்குத்தான். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும்போது இந்த ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

புதுக் கடையில் எல்லாமே தலைகீழ். மூன்றுக்கு மேல் எடுத்துக் காட்டக் கூடாது. நான்காவதை எடுத்தால், முதல் மூன்றில் உனக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம். விலையை நாமாகச் சொல்லக் கூடாது. யாராவது விலையைக் கேட்டு முகம் மாறினால் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது, உடனே பார்வையைத் துணிக்குத் திருப்பிவிட வேண்டும். செருப்பைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது. இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ரப்பர் செருப்போடுதான் நடமாடுவார்கள்.

நம் உடம்புக்கும் விதிகள் உண்டு. கறுப்பு கோட்டும் பேன்ட்டும்தான் சீருடை. பூ வைக்கக் கூடாது. வளையல் கூடாது, பட்டு நூலில் மாட்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நெற்றியில் பொட்டு வேண்டாம், மெட்டி ஷூவுக்குள் இருக்கட்டும், தாலி காலருக்குள் போய்விட வேண்டும், வெளியே சரடுகூடத் தெரியக் கூடாது. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரவே கூடாது, கையிலிருந்து வெளிர்நிறத் துணிக்கு ஏறிவிடும் என்பார் மேனேஜர். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தேய்த்துக் குளித்த பழக்கத்தை அந்த வேலைக்காக விட்டேன். முதல் வெள்ளிக்கிழமை மாமியார் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. நிஜமான வேலை வேறு. மேனேஜர் மேடம் சென்னைக்காரர், மும்பையிலும் துபாயிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "கஸ்டமர் கேட்டதுக்கு அப்புறம் கொடுத்தா அது சர்வீஸ். கேக்கறதுக்கு முன்னாடியே கொடுத்தாத்தான் லக்ஷுரி." அதாவது, தாகம் தெரியும் முன்பே தண்ணீர் வர வேண்டும். தோள் லேசாகக் குறுகினால் ஏசியைக் குறைக்க வேண்டும். ஒருத்தி கண்ணாடி முன் நின்று வயிற்றை எக்கினால், அவள் சொல்லாமலே ஒரு சைஸ் பெரியதை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட வேண்டும், சைஸ் பட்டியை உள்பக்கம் திருப்பி வைத்து. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நாம் படித்துவிட வேண்டும்.

இதில் நான் கெட்டிக்காரியானேன். கொஞ்சம் திமிராகவே சொல்கிறேன், கடையில் எனக்கு இணை கிடையாது. பட்டுக் கடையில் அத்தனை வருடம் அத்தனை முகங்களைப் பார்த்ததெல்லாம் வீணாகவில்லை.

சோதனைக் காலத்தின் கடைசி மாதத்தில் ஒரு கல்யாண பார்ட்டி வந்தது. செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், இப்போது லாரி வைத்து நடத்துகிறார்கள். ரிசப்ஷன் எங்கள் ரிசார்ட்டின் புல்வெளியில், கடலைப் பின்னால் வைத்து. மணப்பெண் பெங்களூரில் வேலை பார்ப்பவள். ரிசப்ஷனுக்கு அவளுக்கு கவுன் வேண்டும். ஐவரி நிறத்தில், பின்னால் தரையில் புரளும்படி ஒரு கவுனைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டி வந்ததும் கடையில் எல்லார் முன்னாலும் பிரித்தோம். கல்யாண உடைக்கெல்லாம் ஒரே ஆள்தான் பொறுப்பு, வேறு யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இதற்கு நான் பொறுப்பு. "இந்த ஃபங்ஷன் நல்லபடியா முடியட்டும், உன் கன்ஃபர்மேஷன் பத்திப் பேசலாம்" என்றார் மேனேஜர்.

பெண்ணோடு அவள் அம்மா வந்தார். கூடவே மாப்பிள்ளையின் பெரியம்மா. கல்யாண பார்ட்டி வந்தால் ரிசார்ட்காரர்கள் வாசலில் தட்டோடு நிற்பார்கள், சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் எல்லாம் இருக்கும். பெரியம்மா முதலில் எடுத்துக்கொண்டார். தட்டு பெண்ணின் அம்மா பக்கம் திரும்பியது. அவர் சட்டென்று கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். தட்டு அவரைத் தாண்டிப் போனபின் பையை மூடினார். நெற்றியில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அப்பா போய்விட்டார் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. அன்றிலிருந்து லாரிகளை இந்த அம்மாதான் பார்க்கிறார். டிரையல் ரூம் வாசலில் நின்றபடியே போனில் ஒரு டிரைவரைப் பிடித்து, "இன்னா கத உடற, டோல்கேட்ட தாண்டி ரெண்டு மணி நேரமாச்சின்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு போடு போட்டார். அந்தக் குரலைக் கேட்டு மேனேஜரே நிமிர்ந்து நின்றார்.

அதே அம்மா கல்யாணப் பேச்சு வந்ததும் பின்னால் போய்விடுவார். எந்த நகை, எந்த வேளை, யார் ஆரத்தி எடுப்பது, எல்லாம் பெரியம்மாதான். இப்பல்லாம் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். கல்யாணம் என்று வந்துவிட்டால் எல்லாரும்தான் பார்க்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது, ஆனால் கோட்டுப் போட்ட பிறகு கொதிப்பு முகத்துக்கு வரக்கூடாது.

ரிசப்ஷனுக்கு முதல் நாள், வியாழக்கிழமை மாலை, தையல் திருத்திய கவுனைப் போட்டுப் பார்க்கத் தாயும் மகளும் மட்டும் வந்தார்கள். சரியாக இருந்தது. கழற்றி மாட்டிவிட்டு, ஒரு போன் வந்ததும் பெண் வெளியே போய்விட்டாள். நான் குண்டூசி டப்பாவோடு டிரையல் ரூமுக்குத் திரும்பினேன். திரை ஒரு விரல்கடை விலகி இருந்தது. அம்மா தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். கவுனின் கீழ்விளிம்பைப் புரட்டி, உள்துணியை இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, கைக்குட்டை மடிப்பிலிருந்து எதையோ வலது கட்டைவிரலில் தொட்டு, ஒரு மூலையில் அழுத்தி வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

எங்கள் ஊரில் புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் உடுத்த மாட்டார்கள். பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபார்முக்குக்கூட வைப்போம். அதனால் அவர் செய்வது என்ன என்று எனக்கு உடனே புரிந்தது. ஏன் ஒளித்துச் செய்கிறார் என்பதும் புரிந்தது. சத்தமில்லாமல் பின்வாங்கினேன். அவர் வெளியே வந்து, "சரிம்மா, நாளிக்கு மூணு மணிக்கு வந்து எடுத்துக்கறோம்" என்று போய்விட்டார். புரட்டிப் பார்த்தேன். இடது பக்கத்து உள்மடிப்பில் மிளகளவுக்கு மஞ்சள். வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. புரட்டினால் பளிச்சென்று தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எதையும் நேராகத்தான் பார்ப்பார்.

"மேனேஜராண்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"சொன்னா தொடைக்கச் சொல்லுவாங்க. இல்லாங்காட்டி அந்தம்மாவ கூப்ட்டு கேப்பாங்க."

"அப்ப நீயே தொடச்சிடு."

"சோப்பு பட்டா மஞ்ச செவப்பாயிடும். வெயில்ல போட்டாத்தான் போவும்."

"வெயில்ல போடு. அங்க இன்னா வெயிலுக்கா பஞ்சம்." சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். "உனுக்கு இன்னும் பத்து நாளுதான் கீது. அந்தம்மாவுக்கோசரம் நீ மாட்டிகினு பேஜாராவாத."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு பஸ் முன்னாலேயே கிளம்பிப் போனேன். கடைக்குப் பின்னால், ஏசி மெஷின்கள் இருக்கும் இடத்தில் காலை வெயில் சுள்ளென்று விழும். உள்மடிப்பை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைத் துணியால் மூடி ஒரு மணி நேரம் காட்டினால் மஞ்சள் பாதிக்கு மேல் போய்விடும். கையுறை மாட்டிக்கொண்டு கவுனைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வரை போனேன். கதவைத் திறக்க மனம் வரவில்லை. நேற்று விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கை கண்ணிலேயே நின்றது. அதை வெயிலில் காயவைக்க நான் யார் என்று தோன்றியது. யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள், ஒரு மாலை நேரம்தானே, கடந்துவிடும் என்று திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். அதன் பிறகு மூன்று மணி வரை என் கண் கவுன் மேலேயே இருந்தது. யார் அந்த கவுன் பக்கம் போனாலும் நானும் போய் நின்றேன். மேனேஜர் இரண்டு தடவை என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மூன்று மணிக்கு அம்மா, பெண், கூடவே பெரியம்மாவும். பெரியம்மா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறக்கப் போனேன். இந்த முறை என் நடை ஓரடி பிந்திவிட்டது, அவர் கையே கதவில் பட்டது. மேனேஜர் அதைக் கவனித்தார்.

கவுனைக் கையுறையோடு எடுத்து வந்து விரித்தேன். பெண் ஆசையாகத் தடவிப் பார்த்தாள். பெரியம்மா சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "உள்பக்கம் காட்டு, தையல பாப்பம். இம்மாம் குடுத்து வாங்கறமே" என்றார். தோள் தையலைக் காட்டினேன். இடுப்புத் தையலைக் காட்டினேன். மெல்ல மடிக்கப் போனேன். "கீழ காட்டும்மா" என்றார். வலது பக்கத்தைக் காட்டினேன். அவரே குனிந்து விளிம்பைப் பிடித்து, ரவிக்கைத் துணி வாங்குகிறவர் மாதிரி விரலால் நீவிக்கொண்டே இடது பக்கம் வந்தார்.

விரல் நின்றது.

"இன்னாது இது?"

துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"மஞ்ச வச்சிகீது." நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். "யாருக்கு வச்ச மஞ்ச இது மேடம்? எவளோ ஒருத்தி கல்யாணத்துக்குன்னு வாங்கினு போயி, மஞ்சளும் வச்சி, அப்பால கல்யாணம் நின்னு போயி திருப்பிக் குடுத்த துணியா?"

பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. மேனேஜர், "இல்லைங்க மேடம், பெட்டியை எங்க எல்லார் முன்னாடியும்தான் பிரிச்சோம், இதுக்கு முன்னாடி யாரும் போட்டதில்ல" என்றார். சொல்லிக்கொண்டே அவர் கண் என் கைகளுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை. நான் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார்.

"அப்ப மஞ்ச எங்கேந்து வந்திச்சி? தானா மொளச்சிச்சா?" பெரியம்மாவின் குரல் ஏறியது. கடையில் வேறு துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். "அபசகுனமா யாரு வூட்டுதோ வந்து சேந்துகீது. இத்த கட்டிகினு எங்க வூட்டு மருமவ மேடை ஏற மாட்டா. இப்பவே சொல்லிட்டேன்."

"பெரியத்த, எனக்கு வேற கவுன் இல்ல, ஆறு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க" என்றாள் பெண்.

நான் அம்மாவைத் தேடினேன். அவர் எங்களுக்குப் பின்னால், பெரிய நிலைக்கண்ணாடி பக்கம் நின்றிருந்தார். கண்ணாடியில் முகம் முழுதும் தெரிந்தது. முந்தானையை இறுகப் பிடித்திருந்தார். உதடு பிரிந்திருந்தது. அந்த முகத்தை நான் படித்தேன். பயம் என்று படித்தேன். இன்னும் ஒரு நிமிடம் போனால் உண்மை இந்த இடத்தில் எப்படியோ வெளியே வரும், அப்போது இந்தப் பெரியம்மா வாயிலிருந்து என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை மகள் முன்னால், மேனேஜர் முன்னால், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் முன்னால் அந்த அம்மா கேட்க வேண்டியிருக்கும். அவர் நெஞ்சு மேலே எழுந்து, மூச்சு இழுத்ததைக்கூடப் பார்த்தேன். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாந்தாம்மா வச்சேன்" என்றேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பிய வேகத்தில் அவர் காதுத் தோடு ஆடியது.

"நீயா?" என்றார் பெரியம்மா. "உன்ன யாரு வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. கல்யாணத் துணியாச்சே, வெறுமனே குடுக்கக் கூடாதேன்னு மனசு கேக்கல. எங்க வூட்ல புதுத்துணின்னா வச்சிதான் கட்டுவோம். அதான் வச்சிட்டேன். தப்புன்னா மன்னிச்சிடுங்க."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, கறுப்பு கோட்டு. "நீ வச்சியே, நீ மொதல்ல கல்யாணம் ஆனவளா? கழுத்துல ஒண்ணியும் காணோம்."

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நொடி எரிச்சல் உச்சிக்கு ஏறியது. செங்கல்பட்டுக் கடையாக இருந்திருந்தால், ஆகாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருப்பேன். அந்த நிமிடம் அது உதவாது. கையுறையைக் கழற்றினேன். காலரின் மேல் பொத்தானை அவிழ்த்து, உள்ளே விட்டு ஆறு மாதமாக ஒளித்து வைத்திருந்த தாலிச் சரட்டை வெளியே இழுத்துக் கோட்டின் மேல் போட்டேன். வாடிக்கையாளர் முன்னால் செய்யக் கூடாதவற்றில் அதுவும் ஒன்று. மேனேஜர் கண்ணை மூடித் திறந்தார்.

பெரியம்மாவின் முகம் தளர்ந்தது. "அப்டி சொல்லு. சுமங்கலி கையிதான். நான் கூட இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்." பிறகு சிரிக்கவே சிரித்தார். "பரவால்லையே, இந்த மாரி எடத்துலகூட இதெல்லாம் தெரிஞ்ச பொண்ணு கீது." பெண் கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா, உங்களுக்குத் தோணிச்சே" என்றாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மாவின் உதடு மூடியிருந்தது. தப்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு மேனேஜர் என்னைப் பின்னால் ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டார். அலமாரியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இதோ, செங்கல்பட்டு வாசப்படி என்று தோன்றியது.

"நீ வைக்கல" என்றார். "ஆறு மாசமா உன்னைப் பாக்கறேன். யார் வச்சாங்க, அந்த அம்மாவா?"

நான் அலமாரியிலிருந்த ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

"சொல்லாதே. சொல்ல வேண்டாம்." "அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நீ புரிஞ்சுகிட்டே பாரு. இதை நான் யாருக்கும் டிரெயினிங் கொடுக்க முடியாது. திங்கக்கிழமை உன்னை கன்ஃபர்ம் பண்றேன். இப்ப அதை உள்ள போடு."

தாலியை உள்ளே போட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சிரிப்பை அடக்க முடியாமல், வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே வீடுவரை வந்தேன். கணவர் கேட்டுவிட்டு, "உன் வாயி கடசியில உருப்படியா ஒரு வேல செஞ்சிகீது" என்றார். அன்றைக்கு என்னைவிடப் பெருமைக்காரி இந்தத் தாலுகாவில் இருந்திருக்க மாட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை விடிகாலையில் முகூர்த்தம் முடிந்து, மதியம் அந்த அம்மா தனியாக வந்தார். ஒருதடவை உடுத்திய பிறகு கவுனைக் கடையிலேயே சுத்தம் செய்து தருவோம், அதற்காக. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கவுனைக் கவுன்ட்டர் மேல் வைத்து, இடது பக்க விளிம்பைப் புரட்டிப் பார்த்தார். மஞ்சள் அப்படியே இருந்தது.

"தொவைக்க சொல்ல இது போயிடுமா?"

"எடுத்துடுவாங்கம்மா. தெரியவே தெரியாது."

"எடுக்காம தொவைக்க முடியுமா?"

"சொல்லிப் பாக்கறேம்மா" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"முந்தாநாளு நான் வைக்க சொல்ல நீ பாத்தல்ல. திரைக்கி அந்தாண்ட காலு தெரிஞ்சிது."

"ஆமாம்மா."

"நேத்து அந்தம்மா கத்த சொல்ல, நான் சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன்." குரலில் கோபம் இல்லை. லோடு எங்கே இறங்கியது என்று சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "எம்பொண்ணுக்கு நாந்தான் வச்சேன், இப்ப இன்னான்றீங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். ஊர்ப்பட்ட லாரிக்காரனுங்ககிட்ட மல்லுக்கட்றவ, அந்தம்மாகிட்ட கேக்க மாட்டனா. ராத்திரியெல்லாம் யோசிச்சிதான் வந்தேன், கேட்டா சொல்லிட்றதுன்னு. மூச்ச இழுத்துகினு வாயத் தொறந்தேன். நீ முந்திகின."

கண்ணாடியில் பார்த்த அந்த முகம் திரும்ப வந்தது. பிரிந்த உதடு, இறுகிய கை, மேலே எழுந்த நெஞ்சு. எல்லாவற்றையும் சரியாகப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் தப்பாகப் படித்திருக்கிறேன்.

"உங்களுக்கு எல்லார் எதிர்லயும் அசிங்கமாயிடுமேன்னுதாம்மா..."

"தெரியுது. நல்ல மனசுலதான் சொன்ன. இல்லேங்கல." அவர் விளிம்பைத் திரும்ப மடித்து வைத்தார். "மேடையில எம்பொண்ணு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதத்தான் சொல்லிகினு இருந்தா. கடையில ஒரு அக்கா மஞ்ச வச்சிக் குடுத்தாங்கன்னு. பொரட்டி காட்னா கூட. நான் கீழ நின்னுகினு கேட்டுகினு இருந்தேன்."

"இப்பக்கூட போன் பண்ணிச் சொல்லிடலாமேம்மா. பொண்ணுக்கு மட்டுமாவது. நானே சொல்றேன்."

"வேணாம். சொன்னா அவளுக்கு மனசு தாங்காது, அந்தம்மாகிட்ட போயி கேட்டுடுவா. அப்பால நீ பொய் சொன்னன்னு ஆவும். இங்க வந்து நிப்பாங்க, உன் வேல போவும்." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "திங்கக்கெழம உன்ன பர்மனென்ட் பண்றாங்களாமே. வெளிய வாட்ச்மேன் சொன்னான். நல்லா இரு."

அவர் திரும்பி நடந்தார். நான் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கதவையாவது திறந்துவிடலாம் என்று வேகமாக நடந்தேன். நான் கை வைப்பதற்குள் அவரே கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனார்.